“இந்த வயதில் எதற்கு?”

சென்ற தவணை விடுமுறைக்கு முன்னர் எமது கல்லூரியின் உயர்தரக் கலைப்பிரிவு மாணவிகள் நெடுந்தீவுக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாகக் குறிகட்டுவானை நோக்கி பஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்காவற்றுறைப் பக்கம் பிரியும் வீதியைக் காட்டி எமது தமிழ் ஆசிரியை சொன்னார்: “இந்த வீதியால போனா கரம்பொன் வரும். தனிநாயகம் அடிகளார் பிறந்த ஊர். அவர் தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கேக்க அவருக்கு 27 வயது. படிச்சு முடிச்ச ஒரு மனுசன், திரும்பவும் முதலில இருந்து தொடங்கினவர்.”

பின்னால் இருந்த தோழி ஒருத்தி, “அந்த வயதில் எதற்கு டீச்சர்?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வியை அதற்கு முதல் நாள் இரவும் நான் கேட்டிருந்தேன். அப்போது அது என் உம்மாவிடம் கேட்கப்பட்டது.

என் உம்மாவுக்கு வயது 43. பத்தொன்பது வருடங்களாகத் தையல் தைக்கிறார். எங்கள் தெருவில் பெருநாளுக்கு உடுக்கும் உடுப்பில் பாதி உம்மாவின் இயந்திரத்தில் தைத்தவைதான். சென்ற வருடம் எங்கள் பகுதி முன்பள்ளியின் ஆசிரியை பிரசவ விடுமுறையில் நின்றபோது, உதவிக்கு ஆள் இல்லையென்று உம்மாவைக் கூப்பிட்டார்கள். ஒரு மாதம் போனார். துண்டுத் துணிகளில் யானையும் முயலும் தைத்துக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். அந்த ஒரு மாதமும் மதியம் வீட்டுக்கு வரும்போது உம்மாவின் முகம் வேறு மாதிரி இருந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். மாதம் முடிந்து பழையபடி இயந்திரத்தின் முன்னால் அமர்ந்தபோது அந்த முகம் இல்லாமற்போனதையும் கண்டோம். இப்போது உம்மா முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்குப் போக விரும்புகிறார். விண்ணப்பப் படிவத்தையும் எடுத்து வைத்திருக்கிறார்.

அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. மாமி கேட்டார், பக்கத்து வீட்டார் கேட்டார்கள். “மகளைப் படிப்பிக்கிற வயதில் தாய் படிக்கப் போறதோ? தையல் நல்லாத்தானே போகுது. இந்த வயதில் எதற்கு?”

இந்தக் கேள்வி நியாயமானதா என்பதைப் பற்றியே இக்கட்டுரையை எழுதுகிறேன். உம்மாவிடம் அனுமதி பெற்றுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலை மாற்றுவது எங்கள் சமூகத்துக்குப் புதியதல்ல. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உம்மா அப்போது மூன்றாம் வகுப்பு. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து சாதாரண தரம் வரை படித்தார். அதற்குமேல் வீட்டில் வசதி இல்லை. தையல் பழகச் சொன்னார்கள், பழகினார். வாப்பாவின் குடும்பத்துக்கு யாழ்ப்பாணத்தில் இரும்புக் கடை இருந்தது. கடைப் பிள்ளையாகவே வளர்ந்த வாப்பா புத்தளத்தில் உப்பளத்தில் வேலை செய்தார், வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார், லொறியில் உதவியாளராகப் போனார், நடைபாதையில் பாத்திரம் விற்றார். நாங்கள் திரும்பி வந்தபின் மறுபடியும் சிறிய கடை ஒன்று போட்டார். எண்ணிப் பார்த்தால் ஐந்து தொழில்கள். அவற்றில் ஒன்றுக்காவது யாரும் வாப்பாவிடம், “இந்த வயதில் எதற்கு?” என்று கேட்கவில்லை.

தீவகத்தின் கதையும் இதுவே. புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை மக்கள் கடல் கடந்து, தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்துப் பேர் எடுத்தவர்கள். 1983 கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது பலர் ஒரே இரவில் முதலாளி என்ற நிலையிலிருந்து அகதி என்ற நிலைக்கு வந்தனர். பின்னர் போர் தீவுகளையே வெறுமையாக்கியது. கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் அங்கே உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தனர். நாற்பது வயதில் புதிய மொழி படித்தனர். அவர்களை நாம் பாராட்டுகிறோம். “கெட்டிக்காரர், எப்படியோ தலை நிமிர்ந்துவிட்டார்” என்கிறோம்.

ஆகவே எம்மவர்களுக்குத் தொழில் மாற்றம் பிரச்சினை இல்லை. துன்பம் துரத்தி ஒருவர் தொழிலை மாற்றினால் அது பொறுமை, உழைப்பு என்கிறோம். துன்பம் எதுவும் துரத்தாத வேளையில், “எனக்கு இந்த வேலையில் நிறைவில்லை, அந்த வேலைக்குப் போக விரும்புகிறேன்” என்று ஒருவர் தாமாகச் சொன்னால்தான் எமக்குச் சங்கடம். அப்படிச் சொல்பவர் ஒரு பெண்ணாகவும் தாயாகவும் இருந்துவிட்டால் சங்கடம் இரட்டிப்பாகிறது. வயதைக் காரணம் காட்டுகிறோம். உண்மையில் நாம் தடுப்பது வயதையல்ல, விருப்பத்தை. என் கருத்து இதுதான்: நிர்ப்பந்தத்தால் மாறுவதை மதிக்கத் தெரிந்த நாம், விருப்பத்தால் மாறுவதையும் மதிக்கப் பழக வேண்டும்.

இதற்கு எமது மண்ணிலேயே முன்னுதாரணங்கள் உண்டு. ஆசிரியை சொன்ன தனிநாயகம் அடிகளாரையே எடுத்துக்கொள்வோம். 1913இல் கரம்பொன்னில் பிறந்தவர். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். உரோமாபுரிக்குச் சென்று இறையியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1938இல் குருவானார். ஆங்கிலம், இலத்தீன், இத்தாலியம் எனப் பல மொழிகள் கைவந்தன. ஆனால் ஆங்கில வழியில் படித்ததால் தாய்மொழியின் பழைய இலக்கியங்களை அவர் அறிந்திருக்கவில்லை. 1940இல் தமிழ்நாட்டின் வடக்கன்குளத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்தபோதுதான் இந்தக் குறை அவரை உறுத்தியது. அங்கே ஒரு பண்டிதரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். 1945இல், தமது 32ஆவது வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், தம்மைவிடப் பத்து வயதுக்கு மேல் இளைய பிள்ளைகளோடு வாங்கில் அமர்ந்து சங்கப் பாடல்களைப் படித்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அங்கும் அவர் நிற்கவில்லை. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். நாற்பது வயதைத் தாண்டியபின் லண்டனில் மீண்டும் மாணவராகி இன்னொரு கலாநிதிப் பட்டம் பெற்றார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கச் சென்றார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைவதற்கு முன்னின்றார். முதலாவது மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. நான்காவது மாநாடு 1974இல் யாழ்ப்பாணத்துக்கே வந்தது.

இதில் நான் கற்றது இன்னொன்றும் உண்டு. அவர் பழைய படிப்பை வீசிவிட்டுப் புதியதற்குப் போகவில்லை. குருத்துவத்தையும் விடவில்லை. உரோமையில் இருந்து படித்த மொழிகளும், ஐரோப்பிய நூலகங்களோடு இருந்த பழக்கமும் பின்னர் தமிழுக்கே பயன்பட்டன. 1679இல் அச்சாகி வத்திக்கான் நூலகத்தில் இருந்த தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபடியும் வெளிவரச் செய்தவர் அவர்தான். தமிழ் மட்டும் படித்த ஒருவருக்கு அது எளிதில் கைகூடியிராது. படித்தது எதுவும் வீண்போவதில்லை என்று பெரியவர்கள் சொல்வதை நான் புத்திமதியாக மட்டுமே கேட்டு வந்தேன். இங்கே அது நடந்து காட்டியிருக்கிறது.

தீவகத்திலிருந்து பாலத்தைக் கடந்து நகருக்கு வந்தால் எமக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் இருக்கிறார். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, 1935இல் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் என்ற பெருமையைப் பெற்றவர். அக்காலத்தில் சிவில் சேவையைவிட உயர்ந்த பதவி ஒரு பெற்றோரின் கனவில்கூட இல்லை. 1942இல் கல்முனையில் அரசாங்கப் பணியில் இருந்தபோது அப்பகுதி மக்களின் வறுமையையும் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவதையும் நேரில் கண்டார். 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியம் ஒன்றைத் தோற்றுவிப்பதற்கு முன்னின்றார். 1948இல் சிவில் சேவையிலிருந்தே விலகி, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். அப்போது அவருக்கு வயது 36.

அன்றும் பலர் கேட்டிருப்பார்கள், “கையில் இருக்கும் கலெக்டர் உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் நடத்தப் போவதா?” என்று. 1961 வரை அவர் அந்தக் கல்லூரியை நடத்தினார். அவர் காலத்தை ஸாஹிறாவின் பொற்காலங்களில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவர் மறைவுக்குப் பின் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவர் சிவில் சேவையிலேயே இருந்திருந்தால் ஒரு நல்ல அதிகாரியாக ஓய்வு பெற்றிருப்பார். நாம் அவர் பெயரைப் பேச்சுப் போட்டிகளில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

“அவர்கள் பெரிய மனிதர்கள். உம்மா ஒரு தையற்காரி. இரண்டும் ஒன்றா?” என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அடிகளாருக்குக் குடும்பப் பொறுப்பு இல்லை. அஸீஸ் அவர்கள் விட்ட பதவிக்குப் பதிலாக இன்னொரு பதவி காத்திருந்தது. என் உம்மாவுக்கு அப்படி இல்லை. கடன் இருக்கிறது. தம்பி தரம் 8இல் படிக்கிறான். வாப்பாவின் கடையில் சில மாதம் வாடகைக்கே காணாது. அந்த மாதங்களில் வீட்டை நடத்துவது தையல் காசுதான். “நிறைவு” என்ற சொல்லை வயிறு நிறைந்தவர்கள்தான் பேச முடியும் என்று வாப்பா ஒருமுறை சொன்னார். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நிறைவுக்காக மாறுவது என்றால் இன்றைக்கே இருப்பதை விட்டுவிட்டுப் பாய்வது என்று யார் சொன்னது? குறிகட்டுவான் இறங்குதுறையில் நாங்கள் படகில் ஏறியபோது காற்று பலமாக அடித்தது. படகு மேலும் கீழும் ஆடியது. பயந்து நின்ற எங்களுக்குப் படகோட்டி ஐயா சொன்னார்: “பாயாதேங்கோ பிள்ளையள். ஒரு காலைப் படகில வடிவா ஊண்டிக்கொண்டு மற்றக் காலைத் தூக்குங்கோ.” உம்மாவின் திட்டமும் இதேதான். பயிற்சிக்குப் போகும் நாட்களில் மாலையில் தைப்பது. பெருநாள் ஓடர்களை விடாமல் எடுப்பது. வேலை உறுதியாகும் வரை இயந்திரத்தை விற்காமல் வைத்திருப்பது. கணக்குக் கொப்பியில் ஆறு மாதச் செலவை எழுதி, அதற்குச் சிறிது சிறிதாகச் சீட்டுப் பிடித்திருக்கிறார். எங்கள் வீட்டில் இவ்வளவு கவனமாக வேறு எந்த முடிவும் எடுக்கப்பட்டதில்லை. பாத்திரக் கடை போட்டபோது வாப்பா இதில் பாதிக் கணக்குக்கூடப் பார்க்கவில்லை என்று உம்மா சொல்லிச் சிரிப்பார்.

வழிகளும் முன்னரைப்போல் அடைபட்டு இல்லை. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், வேலை செய்துகொண்டே படிக்க விரும்பும் வளர்ந்தவர்களுக்காகவே அமைந்தது. யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் இருக்கிறது. உயர்தரம் சித்தியடையாதவர்கள் அடித்தளப் பாடநெறி ஒன்றின் வழியாக உள்ளே போகலாம். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு வயது ஒரு தடையல்ல. பல வருடம் ஒரு தொழிலைச் செய்து, ஆனால் கையில் சான்றிதழ் இல்லாதவர்கள் தமது திறமையைச் செய்துகாட்டித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறவும் ஏற்பாடு உண்டு. என் உம்மாவைப்போல் எத்தனையோ தாய்மாருக்கு இது தெரியாது. பிள்ளைகளுக்காகப் பரீட்சைத் திணைக்களத்தின் சுற்றறிக்கைகளைத் தேடிப் படிக்கும் நாம், ஒருநாள் உம்மாவுக்காகவும் தேடிப் படிக்கலாமே.

இங்கே மாணவிகளான எமக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில் எங்கள் வகுப்பில் எத்தனை பேர் அழுதார்கள் என்பது நினைவிருக்கும். உயிரியலா, வர்த்தகமா, கலையா என்று பதினாறு வயதில் எடுக்கும் முடிவுதான் அறுபது வயது வரை எம்மைக் கொண்டு செல்லும் என்று பயந்தோம். பெற்றோரும் அப்படித்தான் பயந்தார்கள். அந்தப் பயத்தால்தான் விருப்பமில்லாத பிரிவுக்குச் சிலர் தள்ளப்படுகிறார்கள். வளர்ந்தவர்கள் வழி மாறலாம் என்பதை நாம் வீட்டில் கண்டிருந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறைந்திருக்கும். இதை “எப்படியும் பிறகு மாறலாம், இப்போது படிக்காமல் விடுவோம்” என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடிகளாரும் அஸீஸ் அவர்களும் முதல் வழியிலேயே நன்றாகப் படித்தவர்கள். முதல் வழியை அரைகுறையாக நடந்தவருக்கு இரண்டாவது வழியிலும் கால் வலிக்கும்.

நெடுந்தீவில் நாங்கள் கண்ட ஒருவரையும் சொல்லாமல் விட முடியாது. கோட்டைப் பக்கம் கற்சுவர் ஓரமாக மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர், ஆசிரியையோடு பேச்சுக் கொடுத்தார். இளமையில் மலையகத்தில் ஒரு கடையில் கணக்குப் பிள்ளை. பிறகு வெளிநாட்டில் பதினெட்டு வருடம் தொழிற்சாலை வேலை. பிள்ளைகள் அங்கேயே இருக்க, அவர் மட்டும் திரும்பி வந்து மாடு வளர்க்கிறார். “ஐயா, இந்த வயதில் எதற்கு?” என்று அதே தோழிதான் மறுபடியும் கேட்டாள். பெரியவர் கோபிக்கவில்லை. “அங்க சம்பளம் வந்தது பிள்ளை, நித்திரை வரேல்ல. இங்க ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா வருகுது” என்றார். நாங்கள் சிரித்தோம். திரும்பி வரும்போது படகில் அந்தத் தோழி அதிகம் பேசவில்லை. அவளுடைய தாயும் ஏதோ படிக்க ஆசைப்பட்டவர் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அன்பான பெற்றோரே, ஒருவர் தமது வேலையில் நிறைவு தேடுவது குடும்பத்தை மறப்பதாகாது. நிறைவோடு வீடு திரும்பும் உம்மாவை நான் ஒரு மாதம் பார்த்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் பணம் கூடவில்லை. ஆனால் தம்பிக்கு ஏச்சு விழுவது குறைந்தது. இரவுச் சாப்பாட்டின்போது உம்மாவிடம் சொல்வதற்கு ஏதாவது இருந்தது. முன்பள்ளிப் பிள்ளை ஒன்று கேட்ட கேள்வியைச் சொல்லி வாப்பாவையே சிரிக்க வைத்தார். அதுவும் வீட்டுக்கு வந்த வருமானம்தான்.

அந்தப் படிவம் இப்போதும் தையல் இயந்திரத்தின் லாச்சியில், நூற்கட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. பெயரும் பிறந்த திகதியும் நிரப்பியாகிவிட்டது. “தற்போதைய தொழில்” என்ற இடத்தில் உம்மா தெளிவான எழுத்தில் “தையல்” என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. என் படிப்பு அதில்தான் நடந்தது. கையொப்பம் மட்டும் பாக்கி. முடிவுத் திகதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை வாப்பா லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, கண்ணாடி போட்டு, முழுவதும் வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டு, “முத்திரை எவ்வளவுக்கு ஒட்ட வேணும்?” என்று மட்டும் கேட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் எங்காவது ஒரு லாச்சியில் இருக்கலாம். தாளில் எழுதாத ஓர் ஆசையாகவும் இருக்கலாம். அதைப் பற்றி உம்மாவிடமோ வாப்பாவிடமோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள். “இந்த வயதில் எதற்கு?” என்பதை விட்டுவிட்டு, “எப்போது தொடங்கப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள்.